24 போதாதா, 45 வேணுமா? கல்யாண வேலைக்கு கேமரா பார்ப்பது பற்றி

4 மே 2025, கேள்வி

அண்ணே, திங்கள்சந்தை பக்கம் ஸ்டுடியோ போடப்போகிறேன். கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம் எல்லாம் எடுக்க வேண்டும். கடையில் விசாரித்தால் "இப்போ 24 மெகாபிக்சல் எல்லாம் யாரும் வாங்குறதில்ல, 45 எடுங்க" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் பழைய நிக்கான் டி750 தருகிறேன் என்கிறார், அதுவும் 24தான். மச்சான் ஒருத்தன் போனைக் காட்டி "இதுலயே 200 இருக்கு" என்று சிரிக்கிறான். எதை வைத்து முடிவு செய்வது?

4 மே, இரவு

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஆல்பம் என்றால் 12க்கு 36 தாள். ஒரு பக்கம் 18 அங்குலம், விரித்தால் 36. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளி. ஒரு பக்கத்தில் அதை வைத்தால் அங்குலத்துக்கு 333 புள்ளி விழும். அச்சுக்காரர் கேட்பது 300. முழு விரிப்புக்கும் ஒரே படத்தை இழுத்தால் 167 ஆகும். 45 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 8256 புள்ளி, அதே விரிப்பில் 229 வரும். வித்தியாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 36 அங்குல விரிப்பை மூக்கு முட்டப் பார்ப்பவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர்தான். அவரும் தன் முகம் எங்கே என்றுதான் தேடுவார்.

45 என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று மனசு சொல்லும். பரப்பில்தான் அது இரண்டு மடங்கு, நீளவாக்கில் 38 சதவீதம்தான் கூடுதல். 10 அடி பேனருக்கு இழுத்தாலும் 24 மெகாபிக்சல் அங்குலத்துக்கு 50 புள்ளி தருகிறது. பஸ்ஸில் போகிறவர் பார்க்க அது தாராளம்.

கடையில் யாரும் சொல்லாத செலவும் ஒன்று உண்டு. ரா என்றால் கேமரா தன் திருத்தம் எதுவும் செய்யாமல் சேமிக்கிற கோப்பு. 45 மெகாபிக்சலில் அப்படி ஒன்று சுமாராக 50 எம்பி. 3000 படம் எடுக்கிற கல்யாணத்துக்கு 150 ஜிபி. சீசனில் வாரத்துக்கு இரண்டு கல்யாணம் வந்தால் ஹார்ட் டிஸ்க் வாங்கியே தேய்ந்துபோவீர்கள்.

5 மே

மச்சானுக்கு. அந்த 200 மெகாபிக்சல் போன் வழக்கமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கிறது. 108 என்று எழுதியிருந்தால் ஒன்பதுக்கு ஒன்று, அதாவது 12.

அதற்காக போனை மட்டம் தட்டவில்லை. ஒரே அழுத்தில் பல படம் எடுத்து, அடுக்கி, வெளுப்பையும் இருட்டையும் சமன் செய்து கொடுக்கிற வேலையை நம்ம பெரிய கேமரா எதுவும் அவ்வளவு அழகாகத் தானே செய்வதில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கிற பெரியம்மாவை எடுக்க போன் போதும். பெரியம்மா திரும்பிச் சிரித்துவிட்டால்தான் தகராறு, அடுக்கின படங்களில் கை ரெண்டாகத் தெரியும்.

6 மே

மெகாபிக்சலை விடுங்கள், வேறு எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்குள் நின்று ஷோகேஸைப் படம் எடுத்து, பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்து கேமரா வாங்குவது வீண் வேலை. அந்த வெளிச்சத்தில் எல்லா கேமராவும் நல்ல பிள்ளைதான். கேமராவுக்கு நம்ம மாவட்டத்தில் ஆகக் கடினமான பரீட்சை, காலைக் கல்யாணம் முடிந்து ஜோடி சர்ச் வாசலில் வந்து நிற்கும் அந்த அரை நிமிடம்.

பெண் வெள்ளைச் சேலை, தலையில் நெட். மாப்பிள்ளை கருப்புக் கோட். உச்சி வெயில் பெண்ணின் தோளில் விழுகிறது. தோள் மடிப்பில் தைத்த முத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு சாண் தள்ளி கோட்டின் காலர் மடிப்பு கரிக்கட்டியாகாமல் தெரிய வேண்டும். நெட்டுக்குள் நிழலில் இருக்கிற முகம் பழுப்படிக்கக் கூடாது. பின்னால் சர்ச்சின் உள்பக்கம் இருட்டு. கேமராவைத் தானியங்கியில் விட்டால் கோட்டையும் இருட்டையும் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முத்து போச்சு, சேலையே வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். மாமியார் ஆல்பத்தைப் புரட்டும்போது கேட்கிற முதல் கேள்வி அந்த முத்து வேலையைப் பற்றித்தான், ஏனென்றால் அதற்குத்தான் காசு கொடுத்திருப்பார்கள்.

வெளுத்துப்போன இடத்தில் தகவலே கிடையாது, எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அதனால் சேலை வெளுக்காதபடி வெளிச்ச அளவு வைத்து எடுத்துவிட்டு, கோட்டையும் முகத்தையும் பிறகு கணினியில் தூக்க வேண்டும். அப்படித் தூக்கும்போது நிழல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதைத்தான் டைனமிக் ரேஞ்ச் என்கிறார்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்க இடம் இருப்பது ராவில்தான்.

சோதனை சுலபம். ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 100, ரா, வெள்ளைக்கு வெளிச்ச அளவு. ஒரு வெள்ளை வேட்டியையும் கருப்புக் குடையையும் வெயிலில் ஒன்றாக வைத்தால்கூடப் போதும். வீட்டுக்கு வந்து நிழலை 3 ஸ்டாப் தூக்குங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). தூள் மாதிரி மெல்லிய புள்ளிப் பிசிறு வந்தால் பரவாயில்லை, அச்சில் அது தெரியாது. பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழுந்தாலோ, கோடு கோடாக வந்தாலோ அந்த கேமரா இந்த வேலைக்கு ஆகாது. டி750 2014இல் வந்தது என்றாலும் இந்தச் சோதனையில் இன்றைக்கும் நிற்கும். அதே காலத்து வேறு சில கேமராக்களை இப்படித் தூக்கினால் கருப்புக் கோட் கட்டம் போட்ட சட்டையாகிவிடும்.

7 மே

"ஹிஸ்டோகிராம் இருக்கே, அதைப் பார்த்தா போதாதா அண்ணாச்சி" என்று குளச்சலில் இருந்து ஒருவர்.

ஹிஸ்டோகிராம் என்பது இருட்டு இடது பக்கம், வெளிச்சம் வலது பக்கம் என்று படத்தில் எது எவ்வளவு இருக்கிறது எனக் காட்டும் வரைபடம். பாருங்கள், ஆனால் முழுசாக நம்பாதீர்கள். ராவில் எடுத்தாலும் பின்திரை காட்டுவது கேமரா தனக்குள் செய்துகொண்ட ஜேபெக்கின் ஹிஸ்டோகிராம். கலரை விவிட் என்று வைத்திருந்தால், ராவில் பத்திரமாக இருக்கிற வெள்ளையைக்கூட வெளுத்துவிட்டது என்று காட்டும். நியூட்ரலுக்கோ ஃப்ளாட்டுக்கோ மாற்றுங்கள். திரையில் படம் சப்பென்று இருக்கும். திரையைப் பெண் வீட்டாரிடம் காட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

10 மே

நேற்று தோவாளை பூச்சந்தைக்குப் போயிருந்தேன். கேமரா சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, அதுவும் விடிகிற நேரத்தில். ஒரு பக்கம் டியூப்லைட், இன்னொரு பக்கம் எல்இடி பல்பு, மேலே நீலமாக வானம். ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த விளக்கின் நிறத்தை வெள்ளை என்று கேமரா எடுத்துக்கொள்கிறது என்பது, எந்தக் கடைக்காரர் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே கேமராவின் குணம் தெரிந்துவிடும்.

நான் போனது சிவப்புக்காக. தோவாளை மாணிக்கமாலையைப் பார்த்திருப்பீர்கள், இப்போது புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை. அரளி இதழை மடித்து மடித்துத் தட்டையாகக் கட்டுவார்கள், ஒவ்வொரு மடிப்பும் பட்டை தீட்டின கல் போல இருக்கும். அந்த மடிப்பின் ஓரக்கோடு படத்தில் தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது. மொத்த வெளிச்சத்துக்கான ஹிஸ்டோகிராம் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். சிவப்பு நிரம்பிவிட்டால் மடிப்பு இருந்த இடம் வெறும் சாயம் பூசின அட்டை.

அதனால் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். முகூர்த்தப் பட்டு பாதிக்குப் பாதி அரக்கும் சிவப்பும்தான் என்பதால் நமக்கு இது அன்றாட வேலை. பூ எடுத்துவிட்டு மல்லி விலை கேட்டேன், அதை இங்கே எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

13 மே

சித்ரா பௌர்ணமிக்கு நேற்று கன்னியாகுமரியில் கால் வைக்க இடமில்லை. மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறுவதைப் பார்க்க வருகிற கூட்டம், இப்போது கண்ணாடிப் பாலத்தையும் பார்க்க வருகிறது.

பக்கத்தில் ஒருவர் நிக்கான் பி1000 வைத்திருந்தார். 125 மடங்கு ஜூம், 24இலிருந்து 3000 மி.மீ. வரை. கரையில் நின்றே திருவள்ளுவர் சிலையின் மூன்று விரலைத் திரை முழுக்கக் கொண்டுவந்து காட்டினார். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள், நானும்தான். 3000 மி.மீ.யில் முழு நிலா படத்தின் உயரத்துக்குள் அடங்காது, அத்தனை பெரிசு.

பெரிசு சரி, தரம்? அந்த கேமராவில் ஒளியை வாங்குகிற சென்சார், முழு ஃப்ரேம் எனப்படும் டி750இன் பெரிய சென்சாரின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. ஜூமை முழுதும் இழுத்தால் எஃப் 8 (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறுக்கும்). ஒளிக்கதிர் துவாரம் வழியே வளைந்து பரவுவதால், எஃப் 8இல் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் 10 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலாகவே அப்பிக்கொள்ளும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தச் சென்சாரில் ஒரு பிக்சல் 1.3 மைக்ரான். அதாவது ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் எட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. 16 மெகாபிக்சல் என்று அட்டையில் இருந்தாலும் அந்தத் தூரத்தில் உண்மையான விவரம் அதில் சொச்சம்தான். மெகாபிக்சல் கணக்கு எங்கே பொய்க்கிறது என்பதற்கு இதுதான் நல்ல உதாரணம். இதற்கு மேல் வெயில் நேரத்தில் கடல் மேல் காற்று வேறு நெளியும். எந்த லென்ஸ் போட்டாலும் நெளிவு நெளிவுதான், அதற்குக் காசு கொடுத்துத் தீர்வு வாங்க முடியாது.

14 மே

பறவை பார்க்கிறவர்களிடமிருந்து நல்ல வசை. தேரூர் குளக்கரையில் உட்கார்ந்து கூழைக்கடாவை எடுக்கிறவர், "முழு ஃப்ரேமில் இந்தத் தூரத்துக்கு லென்ஸ் வாங்க நீங்க காசு தருவீங்களா" என்கிறார். மணக்குடிக் காயல்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

நியாயம்தான். ஆலாவின் அலகு நிறத்தை வைத்து எந்த ஆலா என்று சொல்ல வேண்டும் என்றால், மங்கலாக இருந்தாலும் பெரிதாக இருக்கிற படம்தான் உதவும். கூர்மையாக, சின்னப் புள்ளியாக இருக்கிற பறவையை வைத்து என்ன செய்வது? நேற்று நான் பேசியது ஆல்பத்தில் ஒட்டுகிறவன் கண்ணோடு. இனம் கண்டுபிடிக்க, பதிவு வைக்க அந்த கேமரா கெட்டிக்காரன். ஸ்டுடியோ போடப்போகிற தம்பிக்கு மட்டும் வேண்டாம், கல்யாணத்தில் பெண்ணை 3000 மி.மீ.யில் எடுத்தால் ஊர் வேறு மாதிரிப் பேசும்.

18 மே

எல்இடி வெளிச்சம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வசதிகள் பட்டியலில் நான் முதலில் தேடுவது இதைத்தான், எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டர் வேகம் 1/250 வினாடி வைத்து எடுத்தால் கேமராவுக்குத் தெரியும். அடுத்தடுத்து எடுத்த மூன்று படத்தில் ஒன்று பளிச்சென்று, ஒன்று மங்கல், ஒன்று மஞ்சள். 1/50 அல்லது 1/100 வைத்தால் முழு அலையும் அடங்கிவிடும். ஆனால் தாலி கட்டுகிற கை அந்த வேகத்துக்கு நிற்காது.

இதற்காக வந்ததுதான் ஃப்ளிக்கர் தடுப்பு. வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். கேனான் 7டி மார்க் 2இல் 2014இல் வந்தது, இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. டி750இல் வீடியோவுக்கு மட்டும்தான் ஃப்ளிக்கர் குறைப்பு உண்டு, போட்டோவுக்கு இல்லை. டி750 வாங்குகிறவர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

மிரர்லெஸ், அதாவது டி750 போல உள்ளே நிலைக்கண்ணாடி இல்லாத கேமரா, வாங்குகிறவருக்கு வேறொரு பொறி, சத்தமில்லாத ஷட்டர். சர்ச்சுக்குள் சத்தம் வராது என்று சந்தோஷமாக எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடுவோம். சாதாரணச் சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்து முடிக்க வினாடியில் 20, 30இல் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் விளக்கு பலமுறை கூடிக் குறைந்துவிடும். விளைவு, படம் முழுக்கக் கிடைக்கோடாகப் பட்டை. ரிசப்ஷன் மேடையில் பின்னால் எல்இடி திரை இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லா வரியையும் ஒரே நேரத்தில் படிக்கிற சென்சார் சோனி ஏ9 3இல் 2023இல் வந்துவிட்டது, ஆனால் அதன் விலைக்கு இங்கே கால் ஸ்டுடியோ கட்டலாம்.

சோதனைக்கு ஊர்க் கொடை நடக்கிற இடத்துக்குப் போங்கள். சீரியல் செட் போட்ட பந்தலுக்குக் கீழே 1/250இல் பத்துப் பதினைந்து படம் விடாமல் தட்டுங்கள். மெக்கானிக்கலில் ஒருமுறை, எலக்ட்ரானிக்கில் ஒருமுறை.

19 மே

விட்டுப்போனது. மாப்பிள்ளையின் கோட் துணியிலோ பட்டின் ஜரிகையிலோ வானவில் புழு மாதிரி நெளிகிற நிறம், மோயிர் என்பது. சென்சார் மேல் இருக்கிற மென்படுத்தும் கண்ணாடியைப் பல கேமராக்களில் எடுத்துவிட்டார்கள். கூர்மை கூடும், புழுவும் கூடும். டி750இல் அந்தக் கண்ணாடி இருக்கிறது. அரை அடி முன்னே பின்னே நகர்ந்து இன்னொரு படம் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

23 மே

இதுவரை படித்தவர்கள் நான் டி750க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்கிறார்கள். வாங்கினேன்தான். ஆனால் போகஸ் விஷயத்தில் எனக்கே இரண்டு மனசு.

85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து இரண்டு மீட்டர் தூரத்தில் முகம் எடுத்தால், தெளிவாக இருக்கிற ஆழம் கிட்டத்தட்ட 6 செ.மீ.தான். கண்ணில் விழுந்தால் காது மங்கும். டி750இல் 51 போகஸ் புள்ளி இருக்கிறது, எல்லாம் நடுவிலேயே குவிந்து கிடக்கிறது. முகத்தை ஓரமாக வைக்க வேண்டும் என்றால் போகஸ் பிடித்துவிட்டு கேமராவை நகர்த்த வேண்டும், அந்த நகர்வில் 6 செ.மீ. காலி. புது மிரர்லெஸ்ஸில் படத்தின் ஓரம் வரைக்கும் புள்ளி இருக்கிறது. அதுவே கண்ணைக் கண்டுபிடித்து, பெண் நடந்து வர வர விடாமல் பிடித்துக்கொள்கிறது. இது விளம்பரப் பேச்சில்லை, நான் கையில் வைத்துப் பார்த்தது. கூர்மையான படங்களின் எண்ணிக்கை கண்கூடாகக் கூடுகிறது. படத்தின் தரம் என்று சென்சாரையே பேசிக்கொண்டிருக்கிறோம். போகஸ் தப்பின படத்துக்கு சென்சார் என்ன செய்யும்?

வீடியோவும் நீங்களே எடுக்கப்போகிறீர்கள் என்றால் டி750 வேண்டாம், அதில் 4கே கிடையாது. 24 மெகாபிக்சல் மிரர்லெஸ்ஸாகப் பாருங்கள். போட்டோ மட்டும் என்றால் டி750, மிச்சக் காசில் லென்ஸ். இரண்டிலும் எண் 24தான், 45க்கு இங்கே வேலையில்லை.

லென்ஸ் சோதிக்க வட்டக்கோட்டைக்குப் போங்கள். கருங்கல் மதிலுக்கு நேர் எதிரே நின்று, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கோடு நாலு மூலையிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நாலு மூலையும் கொஞ்சம் மங்கினால் அது லென்ஸின் சுபாவம், எஃப் 5.6க்கு மூடினால் சரியாகும். ஒரு மூலை மட்டும் மங்கினால், நீங்களும் மதிலுக்கு நேராகத்தான் நின்றீர்கள் என்றால், உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. தொடாதீர்கள்.

28 மே

மழை தொடங்கிவிட்டது. முட்டத்தில் எடுத்த படம் எல்லாம் பால் கலந்த மாதிரி இருக்கிறது, லென்ஸ் மோசமா என்று ஒருவர். லென்ஸைத் துடைத்தீர்களா? அலை அடிக்கிற பாறையில் சிறிது நேரம் நின்றாலே முன்கண்ணாடியில் உப்புப் படலம் ஏறிவிடும். முதலில் ஊதி, பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம்தான் துடைக்க வேண்டும். சட்டை நுனியால் தேய்த்தால் உப்புப் பரல் கோடு போடும்.

இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. தோல் பைக்குள் கேமராவை வைத்து பீரோவில் பூட்டினால் பூஞ்சை பிடிப்பது நிச்சயம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். சும்மா எடுத்துப் பயன்படுத்திக்கொண்டே இருப்பதும் நல்ல மருந்துதான்.

2 ஜூன்

தம்பி டி750ஐ நாளை பார்க்கப் போகிறாராம். நிக்கான் ஜேபெக் கோப்பிலேயே ஷட்டர் எத்தனை முறை திறந்தது என்ற எண் பதிந்திருக்கும், கோப்பை வாங்கிப் படித்துவிடலாம். அந்த மாடலின் ஷட்டர் 1,50,000க்குச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் மறுநாளே நின்றுவிடும் என்றில்லை, விலையில் பேசலாம். 2014 கடைசியில் தயாரான சிலவற்றுக்கு ஷட்டருக்காக நிக்கானே 2015இல் இலவசச் சேவை அறிவித்தது. அதனால் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

எஃப் 16 வைத்து வானத்தை ஒரு படம், சென்சார் தூசி தெரியும். போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் காட்டி முன்பக்கமிருந்து பார்த்தால், பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். இரண்டு கார்டு பள்ளமும் வேலை செய்கிறதா என்று இரண்டிலும் கார்டு போட்டுப் பாருங்கள். மறுபடி எடுக்க முடியாத வேலை நமக்கு, ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிய வேண்டும்.

5 ஜூன்

தம்பி டி750இல் எடுத்து அனுப்பின ரா கோப்பைத் திறந்து பார்த்தேன். சர்ச் வாசலில் எடுத்த படம், நேரமும் சரியான நேரம்தான். சேலை நிற்கிறது, முத்து எண்ணலாம். கோட்டை 3 ஸ்டாப் தூக்கினேன், பொத்தான் துளை வரைக்கும் சுத்தமாக வருகிறது. சென்சாரில் குறை இல்லை.

ஆனால் போகஸ் நெட்டில் விழுந்திருக்கிறது, கண்ணில் இல்லை. அது கேமராவின் குற்றமா, புள்ளியை வைத்த இடத்தின் குற்றமா என்று இந்த ஒரு படத்தில் சொல்ல முடியாது. நெட் இல்லாமல் வீட்டில் யாரையாவது ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வைத்து, எஃப் 1.8இல் பத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக விலகியிருந்தால் மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் என்று இருக்கிறது, சரிசெய்துவிடலாம். அதைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள், அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.